பஃபிங் செக்ஷனுக்கு எட்டு மாஸ்க்

பன்றிக் காய்ச்சல் வந்த வருடத்தில் மாஸ்க் வாங்குகிற வேலை என் தலையில் விழுந்தது. இன்றைக்கும் யாராவது அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். நோயைப் பற்றிய பயமெல்லாம் அதற்குப் பிறகு.

அப்போது நான் பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு குழாய்க் கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். குளியலறையிலும் சமையலறையிலும் பொருத்துகிற பளபளப்பான பித்தளைக் குழாய்கள் அங்கே செய்தோம். வீடு ஆஸ்டின் டவுனில். மெஜஸ்டிக் வரை ஒரு பஸ், அங்கிருந்து பீன்யாவுக்கு இன்னொரு பஸ். துமகூரு ரோட்டில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் இறங்கும்போதே தலைமுடியில் சிமெண்ட் தூசி படிந்திருக்கும். உள்ளே போனால் எங்கள் தூசி.

எங்கள் தூசி என்றால் பஃபிங் தூசி. அச்சில் வார்த்து எடுத்த குழாய் சொரசொரப்பாக இருக்கும். சுழலுகிற துணிச் சக்கரத்தில் அழுத்தித் தேய்த்து அதைக் கண்ணாடி மாதிரி ஆக்குவதுதான் பஃபிங். தேய்க்கும்போது பித்தளைத் தூளும் துணி நூலும் மெழுகும் கலந்து கறுப்பாகப் பறக்கும். எட்டுப் பேர் அந்த ஷெட்டில் வேலை செய்தார்கள். மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வந்தால் கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை. மூக்குக்கு அவர்கள் கட்டிக்கொண்டது பனியன் வேஸ்ட். திருப்பூரிலிருந்து மூட்டையாக வருகிற பனியன் துணித் துண்டுகள் அவை, இயந்திரத்தில் எண்ணெய் துடைக்க வாங்குவது.

அந்த எட்டுப் பேருக்கும் ஒரு மேஸ்திரி. கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் வாம்மா போம்மா என்பார். எந்தச் செக்ஷனுக்கு எது வேண்டுமென்றாலும் இண்டென்ட் என்கிற மஞ்சள் சீட்டை எழுதி என் ஜன்னலில் கொடுக்க வேண்டும். நான் அதை ஒர்க்ஸ் மேனேஜரின் கையெழுத்துக்கு அனுப்புவேன். மேஸ்திரிக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல நானே எழுதுவேன். சக்கரம் இத்தனை, மெழுகுக் கட்டி இத்தனை, கடைசி வரியில் தூசி மாஸ்க் எட்டு.

கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டுச் சீட்டு திரும்பி வரும்.

ஒருமுறை நேரிலேயே போய்க் கேட்டேன். மேனேஜர் மல்லேஸ்வரத்தில் நாலு தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். தாத்தா மைசூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர் என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லுவார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"வாங்கிக் குடுத்தா போட மாட்டாங்கம்மா. மூச்சு முட்டுதும்பாங்க. ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு தூக்கிப் போடுவாங்க. மாசாமாசம் ரெகரிங் எக்ஸ்பென்ஸ் அது."

"ஒரு மாசம் குடுத்துப் பாக்கலாம் சார்."

"பனியன் வேஸ்ட் இருக்கில்ல? அது போதும்."

பாதுகாப்புச் சாமான் விற்கிற ஒரு ஏஜெண்ட், பீன்யாவிலேயே கடை வைத்திருப்பவர், சாம்பிளுக்கென்று கொடுத்துப்போன நாலு மாஸ்க் என் மேஜை டிராயரில் வருடக்கணக்காகக் கிடந்தது. தொழிற்சாலைத் தூசிக்கானது, என்-95 என்று மேலே அச்சடித்திருக்கும். விலை அறுபது ரூபாய்க்குப் பக்கம். நான் ஐந்தாறு முறை கேட்டிருப்பேன். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன். இதை மறைத்துவிட்டு மேனேஜரை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது. மேஸ்திரியும் சொல்லுவதை நிறுத்தினார். சீட்டில் கடைசி வரி இல்லாமல் போனது.

இரண்டாயிரத்து ஒன்பது ஆகஸ்டில் டிவியைத் திறந்தாலே பன்றிக் காய்ச்சல். புனேயிலிருந்து செய்தி வந்தது, பிறகு பெங்களூரிலேயே என்றார்கள். பஸ்ஸில் யாராவது தும்மினால் பக்கத்து சீட் காலியாயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேனேஜர் ஸ்டோர்ஸுக்கு நேரில் வந்தார். நான் சேர்ந்த நாளிலிருந்து அவர் அந்த வாசற்படியை மிதித்ததில்லை.

"இன்னிக்கே மாஸ்க் வாங்கணும். எம்.டி. வீட்லேர்ந்து போன் பண்ணிட்டார். என்-95தான் வேணும். கிடைக்கலேன்னா மத்தது. வேன எடுத்துட்டுப் போங்க."

"எத்தன சார்?"

"ஆபீஸ் ஸ்டாஃப், மார்க்கெட்டிங், வர்ற விசிட்டர்ஸ். எம்.டி. வீட்டுக்கும் கொஞ்சம்."

"இண்டென்ட்?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். கேஷ் வாங்கிக்கோங்க."

"பஃபிங்குக்கு?"

அவர் ஒரு நொடி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அவங்கதான் ஏற்கெனவே துணி கட்டிக்கறாங்களே" என்றார்.

டிராயரைத் திறந்து, சாம்பிளோடு கிடந்த கார்டைப் பார்த்து அந்த ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார். "எத்தன வருஷமா வாங்குங்க வாங்குங்கன்னு உங்க பின்னாடி சுத்தினேன் மேடம். இப்ப ஒண்ணுகூட இல்ல. எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போவுது. ஆர்டர் குடுத்து வைங்க, ரெண்டு மாசத்துல பாக்கலாம்."

ஜாலஹள்ளியில் மூன்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். ஒரு கடையில் கேட்பதற்கு முன்பே, மாஸ்க் இல்லை என்று கன்னடத்தில் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். யாரோ பிரேசர் டவுனில் மொத்தக் கடை ஒன்று இருக்கிறது என்றார்கள். அங்கே போனால் தெருமுனை வரை வரிசை. ஒன்றரை மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் கர்ச்சீப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை அதை எடுத்துவிட்டுத் தெருவில் துப்பினார்.

கடைக்காரர் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தார். மூன்று அடுக்கு மாஸ்க். "ஒண்ணு பன்னெண்டு ரூபா மேடம்."

"போன வருஷம் நாங்க ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸுக்கு வாங்கினப்ப ரெண்டு ரூபாதானே?"

"போன வருஷம் நோவு இல்ல. காலைல வந்தவங்களுக்குப் பத்து ரூபா. சாயங்காலம் என்னா ரேட்டோ எனக்கே தெரியாது. வோணும்னா எடுங்க. பின்னாடி ஆளு நிக்குது."

என்-95 என்று அவர் காட்டியது இருநூற்றைம்பது. பெட்டியில் விலை இருந்த இடம் பிளேடால் சுரண்டப்பட்டிருந்தது. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். என் டிராயரில் கிடந்த சாம்பிளை அத்தனை வருடம் பார்த்துப் பார்த்து எனக்கு ஓரளவு தெரியும். அது கெட்டியாக, கிண்ணம் மாதிரி நிற்கும். தலைக்குப் பின்னால் போகிற இரண்டு பட்டை, மூக்கில் அழுத்த ஒரு தகடு. இது தொளதொளவென்று இருந்தது. காதில் மாட்டுகிற நூல் ரப்பர், மேலே என்-95 என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப். விரலால் தேய்த்தேன், மை ஒட்டியது.

"இது என்-95 இல்லீங்க."

"அதான் மேலயே போட்டிருக்கில்ல" என்றார், சலித்துக்கொண்டு.

போய்விட்டு வெறுங்கையோடு திரும்ப முடியாது. மூன்று அடுக்கு இரண்டு பெட்டி வாங்கினேன். என்-95இல், உள்ளே தேடவைத்து, நிஜமாகவே கிண்ணம் மாதிரி இருந்த இருபது மட்டும் கிடைத்தது. அதுவும் அதே இருநூற்றைம்பதுதான். ஐயாயிரம் ரூபாய். எட்டுப் பேருக்கு மாதத்துக்கு ஐந்தைந்து வாங்கினாலும் பழைய விலையில் இரண்டு மாதம் ஓடியிருக்கும். வேனில் திரும்பி வரும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இருபதில் பன்னிரண்டு எம்.டி. வீட்டுக்குப் போயிற்று. எட்டு மேனேஜரின் பீரோவில் பூட்டுக்குள் போயிற்று. மூன்று அடுக்கு ஆபீஸுக்கு. அதைப் போட்டுக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். அக்கவுண்ட்ஸில் இருந்தவர் நாள் முழுக்கத் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டிருப்பார். போன் வந்தால் மூக்குக்கு ஏற்றுவார், தும்மல் வந்தால் இறக்கிவிட்டுத் தும்முவார். ரிசப்ஷனில் இருந்த பெண் லிப்ஸ்டிக் ஒட்டுகிறது என்று உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டாள். மார்க்கெட்டிங் பையன்கள் ஒரே மாஸ்க்கை ஒரு வாரம் பைக் ஹேண்டிலில் தொங்கவிட்டு ஊரெல்லாம் சுற்றினார்கள். மேனேஜர் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார், அடையாள அட்டை மாதிரி. எல்லோரும் தவறாமல் வந்து கேட்டது ஒன்றுதான். வீட்டுக்கு இன்னும் நாலு கிடைக்குமா மேடம்?

வாரத்துக்கு ஒருநாள் வந்து போகிற டாக்டரைக் கூப்பிட்டுக் கேன்டீனில் பேசச் சொன்னார்கள். வயதானவர், எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லுவார்.

"இருமறவன் இதப் போட்டா, அவன் எச்சில் பக்கத்துல இருக்கறவன் மேல தெறிக்காது. அதுக்குத்தான் இது. நல்லா இருக்கறவன் தாடையில மாட்டிக்கிட்டா தாடிக்குத்தான் பாதுகாப்பு. என்-95 நல்லதுதான், ஆனா முகத்தோட ஒட்டி உக்காரணும். சந்து இருந்தா காத்து சந்து வழியாத்தான் போகும். இதெல்லாத்தையும்விட, கையக் கழுவுங்க. குழாய்க் கம்பெனிதானே, தண்ணிக்கு என்ன குறைச்சல்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் போய்க் கை கழுவுமிடத்தைப் பார்த்தேன். எங்கள் கம்பெனியின் ஆறு குழாய்கள் வரிசையாகப் பளபளத்தன. சோப்பு இல்லை. அன்றைக்கே சோப்புக்கு இண்டென்ட் எழுதினேன். மாஸ்க்குக்கே இவ்வளவு ஆகிவிட்டது, சோப்பு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று திரும்பி வந்தது. என் பணத்தில் நாலு சோப்பு வாங்கி வைத்தேன். மறுநாள் நாலும் காணோம். யார் எடுத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் இன்னொரு கூத்து. மகள் படித்த பள்ளியில் மாஸ்க் இல்லாமல் வரக்கூடாது என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். கம்பெனி மாஸ்க்கில் கை வைக்க எனக்கு மனசில்லை. கணவரின் பழைய வேட்டியை இரண்டாக மடித்து நானே தைத்துக் கொடுத்தேன். துவைத்துத் துவைத்துப் போடலாம் என்ற நினைப்பு. சாயங்காலம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "கடைல வாங்கினதுதான் போடணுமாம்மா. துணி மாஸ்க் செல்லாதாம்." செல்லாது என்ற வார்த்தையைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. பதினைந்து ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். ஒரு வாரம் கழித்துப் பள்ளியையே மூடிவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் மேஸ்திரியின் இருமல் எல்லோர் காதிலும் விழுந்தது.

அவர் இருமுவது புதிதல்ல. மூன்று நாலு வருடமாகவே இருமிக்கொண்டிருந்தார். மதியம் ஷெட்டிலிருந்து வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து இருமி, கறுப்பாகத் துப்பிவிட்டுச் சாப்பிட உட்காருவார். மெஷின் ஓடுகிற சத்தம் மாதிரி அதுவும் கம்பெனியின் ஒரு சத்தமாக இருந்தது. இப்போது திடீரென்று கேன்டீனில் அவர் மேஜையைச் சுற்றி யாரும் உட்காரவில்லை. அக்கவுண்ட்ஸ்காரர் மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டார், மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டேதான்.

மேஸ்திரி என் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"வூட்டுக்குப் போன்னுறாங்கம்மா. பன்னிக் காய்ச்சலு இல்லன்னு சீட்டு எடுத்துனு வந்தாத்தான் உள்ள வுடுவாங்களாம்."

"காய்ச்சல் இருக்கா அண்ணா?"

"காய்ச்சலும் இல்ல, ஒரு எழவும் இல்ல. எப்பவும் வர்ற இருமலுதான். உனக்குத் தெரியாதா?"

தெரியும்.

"சம்பளம் போடுவாங்களா?"

"பீஸ் ரேட்டு ஆளுக்கு வேல செஞ்சாத்தான சம்பளம். சீட்டு எங்க குடுக்கறாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. ஃபாரம்லாம் ரொப்பச் சொல்லுவாங்க."

நான் கூட வருகிறேன் என்றேன். மேனேஜரிடம் பர்மிஷன் கேட்டபோது அவருக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். உடனே சரி என்றார். பீரோவைத் திறந்து பூட்டி வைத்திருந்த எட்டில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. இதப் போட்டுக்கோங்க."

"அவருக்கு?"

"அவருக்குத்தான் இருமல் இருக்கே" என்றார். இது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. டாக்டர் கேன்டீனில் சொன்னது இருமுகிறவர்தான் போட வேண்டும் என்று. ஸ்டாக்கிலிருந்து மூன்று அடுக்கு ஒன்றை எடுத்து நானே மேஸ்திரிக்குக் கட்டிவிட்டேன்.

நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் திருவிழாக் கூட்டம். காய்ச்சல் இருப்பவர்களும் பயம் மட்டும் இருப்பவர்களும் ஒரே வரிசையில் நின்றோம். மூன்று மணி நேரம் கழித்து ஓர் இளம் டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் முகத்தில் இருந்தது சாதாரண மூன்று அடுக்கு, அதுவும் கசங்கிப்போனது. மேஸ்திரியிடம் கன்னடத்தில் கேட்டார். பிறகு அவருக்கு வசதியாகத் தமிழுக்கு மாறினார்.

"ஜுரம் இருக்கா? தொண்ட வலி?"

"இல்லீங்க."

"இருமல் எத்தன நாளா?"

"மூணு நாலு வருசமா."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "என்ன வேல?"

"பித்தள பாலிஷுங்க. பன்னெண்டு வருசமா அதான்."

எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். அதற்கு இன்னும் இரண்டு மணி நேரம். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, மேஸ்திரியை வெளியே உட்காரச் சொன்னார். என்னிடம் திரும்பினார்.

"நீங்க யாரு? சொந்தமா?"

"இல்ல மேடம். அதே கம்பெனி. ஸ்டோர்ஸ்."

"பன்னிக் காய்ச்சல்லாம் இல்ல. நெஞ்சு பூரா தூசி. படிஞ்சது படிஞ்சதுதான், திரும்ப எடுக்க முடியாது. இன்னும் சேராம பாத்துக்கலாம், அவ்ளோதான். வேலைல மாஸ்க் குடுக்கறீங்களா?"

அவர் பார்வை என் முகத்தில் இருந்த கிண்ண மாஸ்க்கின் மேல் நின்றது.

"இது எங்க கிடைச்சுது உங்களுக்கு? எங்களுக்கே வார்டுக்குப் போறவங்களுக்கு மட்டும் ஒண்ணு ஒண்ணு எண்ணிக் குடுக்கறாங்க."

"கம்பெனில குடுத்தாங்க."

"கம்பெனில உங்களுக்குக் குடுத்தாங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார். அந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நின்ற அந்த நிமிடம் மாதிரி நான் எப்போதும் வெட்கப்பட்டதில்லை. கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போகலாமா என்று தோன்றியது. போட்டுக் கழற்றியதை யாருக்குக் கொடுப்பது? அப்படியே வெளியே வந்தேன்.

சீட்டில் டாக்டர் இரண்டு வரி எழுதியிருந்தார். முதல் வரி, இவருக்கு ஃப்ளூ இல்லை. இரண்டாவது வரி, தூசியால் நுரையீரல் பாதிப்பு, தூசி வேலையிலிருந்து மாற்ற வேண்டும், உடன் வேலை செய்பவர்களுக்கும் தகுந்த மாஸ்க் தேவை. மறுநாள் மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"ஃப்ளூ இல்ல. குட். டியூட்டிக்கு வரச் சொல்லுங்க."

"ரெண்டாவது லைன் சார்."

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் அப்பாவும் இருமித்தான் செத்தாராமே. யாரோ சொன்னாங்க. ஃபேமிலில இருக்கும்மா இது."

"அவர் அப்பா கல் குவாரில கல்லு ஒடைச்சவர் சார்."

"அதான் சொல்றேன்" என்றார்.

என்ன சொல்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, கையெழுத்தாகி வந்திருந்த சீட்டுகளைப் புரட்டினேன். பிறகு ஒன்று தோன்றியது. அந்த மாதம் முழுக்கப் பன்றிக் காய்ச்சல் என்று மேலே எழுதிய சீட்டு எதையும் மேனேஜர் படித்துப் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். எம்.டி. பயந்திருந்தார், மேனேஜர் எம்.டி.க்குப் பயந்திருந்தார். புது இண்டென்ட் எழுதினேன். பன்றிக் காய்ச்சல் தடுப்பு, என்-95, இருநூறு. ஏஜெண்டின் பெயருக்கு, பழைய விலைக்குக் கொஞ்சம் மேலே. கையெழுத்தாகி வந்தது. ஏமாற்று வேலைதான். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

சரக்கு வர அக்டோபர் ஆயிற்று. அதற்குள் டிவியில் வேறு செய்திகள் வந்துவிட்டன. தாடையில் மாட்டிய மாஸ்க்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே பஃபிங் ஷெட்டுக்குப் போனேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. மேனேஜர் சொன்னது பாதி சரியாகத்தான் இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல். இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் கழற்றிவிட்டார்கள். "மூச்சு வுட முடியல மேடம், வேர்த்து ஊத்துது." ஒருவர் தாடிக்காரர். தாடியின் மேல் மாஸ்க் எப்படி ஒட்டும்? ஒருவர் பனியன் வேஸ்டைக் கட்டி அதற்கு மேல் மாஸ்க்கைப் போட்டிருந்தார், இரட்டைப் பாதுகாப்பு என்று. தினமும் போய்க் கத்தினேன். பட்டையை இங்கே போடுங்கள், தகட்டை மூக்கில் அழுத்துங்கள், கறுத்தால் மாற்றிக் கேளுங்கள். ஒரு மாதத்தில் ஐந்து பேர் பழகிக்கொண்டார்கள். மூக்கைச் சிந்தினால் கறுப்பு வருவதில்லை என்று ஒருவர் வந்து சொன்னார். மீதிப் பேரை என்னால் மாற்ற முடியவில்லை.

மேஸ்திரியை பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லி நான் விடாமல் கேட்டேன். டாக்டர் சீட்டின் நகலை எம்.டி.யின் மேஜைக்கே அனுப்பினேன். கடைசியில் மாற்றினார்கள். அட்டைப்பெட்டியில் குழாயை வைத்து மூடுகிற வேலை. தூசி கிடையாது, உட்கார்ந்து செய்யலாம். முதல் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

"யாரு உன்னக் கேட்டாங்க?"

"என்ன அண்ணா?"

"பஃபிங்ல வந்ததுல பாதிதான் வருது. நாள் கூலி போட்டுக்கிறாங்க. பொண்ணு காலேஜ் சேந்துகீது. பாதி சம்பளத்துல நான் இன்னா பண்றது? மாஸ்க் குடுன்னுதான கேட்டேன். என்ன அங்கருந்து எடுன்னா கேட்டேன்?"

அவர் சொன்னது சரிதான். அவர் கேட்டதை நான் எழுதிக் கொடுத்த வருடங்களில் யாரும் கொடுக்கவில்லை. கேட்காததைக் கொடுத்தோம். திரும்பப் பஃபிங்குக்கே போகிறேன் என்றார். மேனேஜர் விடவில்லை. டாக்டர் சீட்டு ஃபைலில் இருக்கிறது, நாளைக்கு ஏதாவது ஆனால் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும் என்றார். இப்போது மட்டும் இரண்டாவது வரி அவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போன மேஸ்திரி கம்பெனிக்குத் திரும்ப வரவில்லை. பீன்யாவிலேயே பின்பக்கத் தெருவில் சின்னப் பாலிஷ் பட்டறை ஒன்றில் சேர்ந்துவிட்டார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அங்கே ஃபைல் கிடையாது.

அடுத்த வருடம் வெளிநாட்டிலிருந்து குழாய் வாங்க இரண்டு பேர் வந்து கம்பெனியைச் சுற்றிப் பார்த்தார்கள். பஃபிங் ஷெட் வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, கையில் இருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே மாதத்தில் தூசி உறிஞ்சுகிற மெஷின் வந்தது. தாத்தா கதையைவிட அதிகமாக மேனேஜர் அதைப் பற்றிப் பேசினார், எல்லாம் தன் யோசனை மாதிரி.

அந்த வருடக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் பீன்யா பஸ் ஸ்டாப்பில் மேஸ்திரியைப் பார்த்தேன். இளைத்திருந்தார். கழுத்தில் பனியன் வேஸ்ட் துண்டு. கோபமெல்லாம் போயிருந்தது. மகள் பரீட்சை எழுதுகிறாள் என்றார். கைப்பையில் இரண்டு மாஸ்க் இருந்தது, கொடுத்தேன். வாங்கிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"போட்டுக்குவீங்களா?"

"போட்டுக்கறேன். ரெண்டுதான கீது. ரெண்டு நாளைக்குப் போட்டுக்கறேன்."

மெஷின் வந்ததைச் சொன்னேன். ஷெட்டுக்குள் எதிர்ச் சுவர் தெரிகிறது, தூசி பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது என்றேன். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது, அது அடங்கும்வரை நான் அவர் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"திரும்ப வந்துடுங்க அண்ணா. நான் சார்கிட்ட பேசறேன்."

"இப்ப பீஸுக்கு இன்னா குடுக்கறாங்க?"

"தெரியல. கேட்டுச் சொல்றேன்."

"கேளு. இங்க குடுக்கறதவிட ஒரு ரூபா சேத்துக் குடுத்தாலும் வர்றேன்."

மறுநாள் கேட்டேன். மெஷினுக்கே அவ்வளவு செலவாகியிருக்கிறது, ரேட்டை இப்போது தொட முடியாது என்றார் மேனேஜர். அதைப் போய்ச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, ஐந்து மாஸ்க்கை ஒரு கவரில் போட்டுக்கொண்டு அந்தப் பின்பக்கத் தெருவுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்த பட்டறை முதலாளி கவரை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது என்ன ரேட்டு மேடம் என்று கேட்டார். ஒன்று எழுபது ரூபாய், மாதத்துக்கு ஐந்து ஆகும் என்றேன். "ஒரு ஆளுக்கா?" என்றார்.